வாயாடியின் அறுபது கட்டம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. வாய் திறந்து பேச வராத, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளுக்கான பள்ளி அது. அந்தப் பிள்ளைகள் கையில் பேசும் டேப் இருக்கும். திரை நிறையக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். படத்தைத் தொட்டால் டேப் அந்தச் சொல்லைச் சொல்லும். எந்தப் பிள்ளைக்கு எந்தெந்தச் சொல், அது எந்தக் கட்டத்தில் என்று அமைத்துக் கொடுப்பதுதான் பட்டன் அக்காவின் வேலை. மாடிப்படிக்குக் கீழே, எழுந்தால் தலை இடிக்கிற அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பேச்சு தயாரித்துக் கொடுப்பாள். அவள் வாய் மட்டும் தண்ணீர் குடிக்கத்தான் திறக்கும். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். ஒற்றை ஆள், ஒற்றைத் தட்டு.

காலை எட்டு ஐம்பதுக்கு வாயாடி வருவாள். பத்து வயது. பிறந்ததிலிருந்து தொண்டையில் ஒரு சொல் வந்ததில்லை, ஆனால் டேப் கைக்கு வந்துவிட்டால் ஓயமாட்டாள், அதனால் வந்த பட்டம். அறை வாசலில் நின்று, திரையைப் பார்க்கக்கூட மாட்டாள், அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே விரலை ஓட்டுவாள்.

"அக்கா. தலை. அழுக்கு."

"உனக்கு வாய்க்கொழுப்புடி" என்பாள் அக்கா. வேலை விஷயம் இல்லாமல் அன்றைக்கு அவளிடம் யாராவது பேசுகிற ஒரே பேச்சு அதுதான். அதை வைத்துக்கொண்டே அடுத்த எட்டு ஐம்பது வரை ஓட்டிவிடுவாள்.

போன மாதம் வாயாடியின் டேப் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. புதிது வந்தது. அக்காவுக்கு ஒழுங்கு என்றால் உயிர். அறுபது சொல்லையும் அலமாரி அடுக்குவதுபோல அடுக்கினாள்: தின்பண்டம் ஒரு வரிசை, துணிமணி ஒரு வரிசை, ஆட்கள் ஒரு வரிசை. சொல்லின் இடத்தை மாற்றாதே என்று பயிற்சியில் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். பிள்ளை படத்தைப் பார்த்துத் தொட்டுக்கொள்ளப் போகிறாள், இதில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் வாசலில் வாயாடி சிரித்துக்கொண்டே விரலை ஓட்டினாள்.

"குடை. சீப்பு. ரயில்."

வாயாடி திடுக்கிட்டு டேப்பைப் பார்த்தாள். அக்கா முகம் சுருங்கிப்போனது. அதற்கடுத்த நாளிலிருந்து தினமும் ஒரே பாட்டு: "குடை. பல். வாழைப்பழம்." வகுப்பிலும் வாய்க்கு வந்தபடி ஏதேதோ சொன்னது டேப். பிள்ளைகள் சிரித்தார்கள். வாயாடி வகுப்பில் டேப்பைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

பெரிய டீச்சர் அறைக்கே வந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை மேல்பள்ளியிலேருந்து மேடம் வராங்க. இவ பேசிக் காட்டினாத்தான் அங்க சீட்டு. இப்படிக் கண்டதையும் அமுக்கிட்டு நின்னா, டேப்பையும் வாங்கி வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க."

"டேப் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதன்பிறகு எட்டு ஐம்பது ஆனால், பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல், ஒயர் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். தலைக்கு மேல் டேப் சொல்லும்: குடை, பல், வாழைப்பழம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் செருப்புச் சத்தம் திரும்பிப் போகும்.

புதன்கிழமை அண்ணி வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுகிறவர், வந்த கையோடு சமையலறையைத் துடைத்து, டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வியாழக்கிழமை காலை அக்கா ஏதோ யோசனையில் கையை நீட்டி ஒரு கரண்டி அள்ளிக் குழம்பில் போட்டாள். ருசி பார்த்தால் இனித்தது. உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை!

"இந்த அண்ணிய..." என்று வாயெடுத்தவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். பதினோரு வருஷமாக அவள் உப்பைப் பார்த்து எடுத்ததே இல்லை. கைக்குத் தெரியும், எடுக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். சார்ஜ் தீர்ந்தால் உதவட்டும் என்று பழைய கட்டங்களை அட்டையில் அச்செடுத்து வைத்திருந்தாள். இழுப்பறையைக் குடைந்து அதை எடுத்து, வகுப்பிலிருந்து வாங்கிவந்த வாயாடியின் டேப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். புது டேப்பில் குடை இருக்கும் இடத்தில் பழைய அட்டையில் என்ன இருக்கிறது? அக்கா. சீப்புக்கு, டேப். ரயிலுக்கு, அழகு. முதல் நாள் பிள்ளை பாராட்டத்தான் வந்திருக்கிறாள். பல்லின் இடத்தில் கோவம் இருந்தது. வாழைப்பழத்தின் இடத்தில், ஏன்.

அக்கா. கோவம். ஏன்.

ஏழு நாள் காலையில் ஒரு ஜீவன் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறது. இவள் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள். தன்னை ஏனென்று கேட்க நாதியில்லை என்று எத்தனை சாயங்காலம் மருகியிருப்பாள்!

கட்டங்களை மாற்ற உட்கார்ந்தவளுக்கு ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. மாற்றாவிட்டால் வாயாடிக்குச் சீட்டு கிடைக்காது, இங்கேயே இருப்பாள். நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே வைதுகொண்டு, அறுபது கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கடைசியாகக் குடையை எடுத்துவிட்டு அக்காவை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேடம் காகிதத்தை விரித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேப்பைக் கொடுத்துவிட்டு அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். வாயாடி மேடத்தைச் சட்டைசெய்யவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபடி விரலை ஓட்டினாள்.

"அக்கா. கோவம். ஏன்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே! தானா கேள்வி கேக்குறாளே?" என்றார் மேடம்.

அக்கா கிட்டே போய்க் குனிந்து, தன் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டாள். "இல்ல" என்றது டேப்.

"சிரி" என்றாள் வாயாடி.

அக்கா சிரித்துப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. மேடம் அதற்குள் சீட்டு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து வாயாடி மேல்பள்ளி வண்டியில் போய்விட்டாள். திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்குப் பட்டன் அக்கா தலையை நன்றாக வாரிக்கொண்டு, மேசைக்கு அடியில் குனியாமல், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கோவமெல்லாம் இல்லடி" என்றாள். யாரும் கேட்கவில்லை.