கணவர் கைக்குப் போன முகவரி

அம்பத்தூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். தொழிற்சாலைகளிடம் உள்ள தனிநபர் தகவல்களைச் சட்டப்படி பாதுகாப்பது என் வேலை. 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும் தொழிலாளர்களுக்குப் பதில் அனுப்புவதை ஏஐ ஏஜென்டிடம் விட்டிருந்தேன்.

அப்படிக் கேட்டிருந்த ஒரு பெண் ஒருநாள் போனில் பதறினார். "இன்னா மேடம் இப்டி பண்ணிட்டீங்க? எம் புருசனுக்குத் தெரியாமதானே ஊடு மாறி இந்தப் பாடி ஏரியாவுக்கு வந்தேன்? இப்ப வாசல்ல நின்னுகினு கதவ இடிக்கிறான்!"

கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் போலீசை அழைத்தேன். நல்லவேளை, தப்பித்தார்.

வேலைக்குச் சேரும்போது, நம் பெண்கள் பலரையும்போல, கணவரின் செல் நம்பரையே கொடுத்திருக்கிறார். வீடு மாறியபின் தொழிற்சாலையில் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார். ஏஜென்ட் புது முகவரியோடு பதிலை அந்த நம்பருக்கே அனுப்பிவிட்டது.

இப்போதெல்லாம், நம்பர் யார் கையில் இருக்கிறது என்று நானே பேசித் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பதிலும் போவதில்லை.

அந்தப் பெண் மறுபடியும் வீடு மாறிவிட்டார். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை.