அலகுக்காக நிறுத்திய மாத்திரை

என் கணவருக்கு இதயக் குழாயில் மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக அலகு குத்தக் கிளம்பினார். குத்தும்போது ரத்தம் வந்தால் சாமி குத்தமாம். அதற்காக, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார்!

திருவாதவூர் கோயிலில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, வாயைத் திறந்து நின்றவர், வேல் கன்னத்தைத் தொடும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். என் தம்பி அவர் நெஞ்சை ஓங்கி ஓங்கி அழுத்தியதில் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்த டாக்டர், "ஸ்டென்ட் மேல தோல் மாதிரி சவ்வு வளர்ந்து மூடணும்மா. அதுல தடவுன மருந்தால மெதுவாத்தான் வளரும். அதுவரைக்கும் ரத்தம் கட்டாம இருக்க மாத்திரைதான் காவல்" என்றார்.

இப்போது மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.

"என்னைய இம்புட்டுக்கூட நம்ப மாட்டியா?" என்று முறைக்கிறார்.

முறைக்கட்டும். அலகுக்குத் திறந்த வாய்தானே, எனக்கும் திறக்கட்டும்!