கூனம்பிள் வீதியில் ஒரு விரல்

முதல் நாள், காலை ஆறரை. சிட்னியில் வாடகைக் காரை எடுத்தோம். போகவேண்டிய கூனம்பிள் ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர். லண்டனில் நாங்கள் இருக்கும் லூயிஷாமிலிருந்து அவ்வளவு தூரம் வடக்கே ஓடினால் ஸ்கொட்லாந்து எல்லையே வந்துவிடும். இங்கே ஒரே மாநிலத்துக்குள், வரைபடத்தில் ஒரு சாண்கூட இல்லை! இருபது வருடமாக அங்கே மினிகேப் டாக்ஸி ஓட்டுகிற எனக்கே தலை சுற்றியது.

கூனம்பிளுக்கு வெளியே ஒரு செம்மறிப் பண்ணையில் என் மனைவி மாலாவின் அண்ணன் வேலை செய்கிறார். அகதியாகப் படகில் வந்தவர். விசாச் சிக்கலால் நாட்டைவிட்டு வெளியே போகமுடியாது. அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்து இருபத்திரண்டு வருடம். போனில் அடிக்கடி பேசுவார். வீடியோ என்றால் மட்டும், "என்னைப் பாத்தா அழுவாய் பிள்ளை" என்று வைத்துவிடுவார்.

"இஞ்சேருங்கோ, அண்ணைக்கு என்னை அடையாளம் தெரியுமோ?" நீலமலைகளை ஏறி இறங்கும்வரை இதே கேள்விதான்.

"கூடப்பிறந்தவளைத் தெரியாமல் போகுமோ? சும்மா விசர்க்கதை கதையாதையும்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

அன்றிரவு டப்போவில் தங்கினோம். மோட்டல் அறை நூற்றைம்பது டொலர். கடைத்தெரு மாலை ஆறு மணிக்கே வெறிச்சோடிக் கிடந்தது. லண்டன் டூட்டிங் கடைத்தெருவில் அந்த நேரம் நடக்க இடமிருக்காது.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்கு கூனம்பிள் பெற்றோல் நிலையத்தில் நிற்பதாக அண்ணன் சொல்லியிருந்தார். வீதியோரம் செத்த கங்காருக்கள், நம்மூர் மாட்டுக் கன்றளவு! மாலா கண்ணை மூடிக்கொண்டாள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகு வந்தது. எதிரே வந்த லொறிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். அடுத்து வந்த காரும் அப்படியே. லண்டனில் ஒருவன் விரல் காட்டினால் ஒன்று என் வண்டியில் பிழை, இல்லாவிட்டால் அவனுக்கு என்மேல் கொலைவெறி. ஓரங்கட்டி ரயர், லைட், டிக்கி எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொருவர் விரலைத் தூக்கினார். மறுபடியும் நிறுத்தி, இந்தமுறை படுத்துக் காருக்கு அடியிலும் பார்த்தேன்.

அறுபத்தைந்து கிலோமீற்றர் தாண்டி கில்காண்ட்ரா. வெதுப்பகத்தில் ஓர் இறைச்சிப் பேஸ்ட்ரி எட்டு டொலர், கோப்பி ஐந்தரை. எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரல் காட்டுகிறார்களே, காருக்கு என்ன வருத்தமோ என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது வணக்கமாம். ஆளில்லாத வீதியில் ஓர் ஆளைக் கண்டால் சும்மா போவதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அட கடவுளே! என் தெருவில் பக்கத்து வீட்டுக்காரன் பத்து வருடமாக என் முகத்தைப் பார்த்ததில்லை.

பிறகு நானும் விரலைத் தூக்கத் தொடங்கினேன். மாலா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "அண்ணை தூக்கினா கோணலாத்தான் நிக்கும். கிரிக்கெட் விளையாடி முறிச்ச விரல், பிறகு நிமிரவே இல்லை."

இடையிலுள்ள குலர்கம்போன் வந்தபோதே மணி பத்தரை. ஊர் வாசலில் தகரத்தில் செய்த பெரிய கிளிகள், ஒரேயொரு நீளத் தெரு, தெருவில் ஒரு நாய். போனில் சிக்னல் இல்லை. "அண்ணை பாத்துக்கொண்டு நிப்பார், உங்கட ரயர் பார்வையால வந்த வினை" என்று மாலா எரிந்து விழுந்தாள். நான் வேகத்தைக் கூட்டினேன்.

ஊரைத் தாண்டி, வீதி திருத்தும் இடத்தில் ஒரு பாதைதான் திறந்திருந்தது. எதிரே ஒரு வெள்ளைப் பிக்கப் எங்களுக்கு வழிவிட்டு நின்றது. தொப்பி, நரைத்த தாடி, வெயிலில் கருகிய முகம். ஓட்டுநர் விரலைத் தூக்கினார். நானும் தூக்கிவிட்டுக் கடந்தேன்.

"நிப்பாட்டுங்கோ!" மாலாவின் அலறலில் என் கால் பிரேக்கில் ஏறியது. "அந்த விரல்! ஐயோ, அது அண்ணை!"

ஹோர்னை விடாமல் அழுத்தினேன். நகரத் தொடங்கிய பிக்கப் நின்றது. மாலா செருப்பு ஒன்றை விட்டுவிட்டு ஓடினாள். தொப்பியைக் கழற்றியவருக்குத் தலையில் மயிரே இல்லை. அவளைப் பார்த்து நின்றவர் அப்படியே வீதியில் குந்திவிட்டார். "காணேல்லையெண்டு உங்களைத்தான் தேடி வாறன் பிள்ளை" என்று விக்கி விக்கி அழுதார். அழமாட்டேன் என்று இருந்த எனக்கும் முடியவில்லை.

"என்னை ஆரெண்டே தெரியாமல் விரலைக் காட்டிட்டுப் போறீங்களே அண்ணை!" மாலா அவர் தோளில் அடித்தாள்.

"இந்த ரோட்டில வாற எல்லாருக்கும் காட்டுறனான்" என்றார் அவர். "ஒருநாளைக்கு நீயா இருப்பாய் எண்டு."

பண்ணையில் மூன்று நாள் நின்றோம். திரும்பும்போது அவர் வாசலில் நின்று தூக்கிய அந்தக் கோணல் விரல், வளைவு திரும்பும்வரை கண்ணாடியில் தெரிந்தது. லூயிஷாமுக்குத் திரும்பிய பிறகு முதல் வேலைநாள், சந்தைக்குப் பக்கத்தில் எதிரே வந்த வான்காரனுக்கு என் விரல் தானாக எழும்பியது. அவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் திட்டினான். வீட்டில் சொன்னேன்.

மாலா சிரிக்கவில்லை. "நாளைக்கும் தூக்குங்கோ" என்றாள்.