என் கார்டுல எண்ணூறு பாட்டு

நானே எழுதின கேம் பெருசாயிட்டே போக, என் பழைய கையடக்க கேம் கன்சோல்ல அதை வெச்சிருந்த மெமரி கார்டு பத்தல.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட மொபைல் கடையில அந்தக் கார்டைக் குடுத்து, "இதே மாதிரி, பெருசா வேணும்ணா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தா கடைக்கார அண்ணன் முகத்துல அவ்ளோ பெருமை.

"பெருசு ஸ்டாக் இல்ல தம்பி. இதுல ஒரு பாட்டு கூட இல்லாம, என்னமோ புரியாத ஃபைலா கெடந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு எண்ணூறு பாட்டு ஏத்திட்டேன்."

அந்தப் புரியாத ஃபைல்தான் என் கேம், மூணு மாச உழைப்பு.

"ரொம்ப தேங்க்ஸ்ணா"ன்னு வாங்கிக்கினு வந்துட்டேன்.

பேக்கப் எடுத்தியான்னு கேக்க வர்றவங்க அப்டியே திரும்பிப் போயிடுங்க. பாட்டே பாடாத அந்தக் கன்சோல்ல பாட்டு கேக்க யாராச்சும் ப்ரோக்ராம் எழுதியிருந்தா மட்டும் வாங்க.