ஸ்ப்ரே அக்காவின் கண்ணாடித் தோட்டம்

தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்ப்ரே அக்காதான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில், நாத்தனாரோடு சேர்ந்து பெண்களுக்கு முடி வெட்டும் கடை நடத்துகிறார். வெட்டுவதற்கு முன்னால் முடியை நனைக்க வேண்டும் அல்லவா, அதனால் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் கையை விட்டு இறங்காது. ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் அடித்துக்கொண்டிருந்த போனுக்கும் இரண்டு புஸ் அடித்துவிட்டார்.

அந்தப் பழக்கம்தான் வினையானது. ஜன்னலோர அலமாரியில் மூன்று கண்ணாடித் தோட்டங்கள் வைத்திருந்தார். மூடி போட்ட பெரிய ஜாடிக்குள் பெரணி, திறந்த கிண்ணத்தில் குட்டிக் கள்ளிகள், தட்டையான தொட்டியில் பாசி. நாற்காலியைச் சுற்றி வரும்போதெல்லாம் அந்தக் கை மூன்றுக்கும் பாரபட்சம் இல்லாமல் தண்ணீர் அடிக்கும். பாசி மட்டும் செழித்தது. பெரணி ஜாடிக்குள் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. கள்ளிகள் அடியில் கூழாகி, தொட்டால் சாய்ந்தன.

நாத்தனார் மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசுகிறவர் இல்லை. "அண்ணி, இது தோட்டமா, ஊறுகாய் ஜாடியா? அழுகினதைப் பார்த்துட்டு, இங்க தலையைக் கொடுத்தா அதுவும் இப்படித்தான் ஆகும்னு நினைக்க மாட்டாங்களா?" என்றார். அடுத்த மாதம் ஷாம்பு கம்பெனிக்காரர் ஸ்டாண்டு கொண்டுவருகிறார், அதை வைக்க அந்த இடம்தான் தோது என்றும் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. நாற்காலிகள் நாத்தனார் வாங்கியவை. சுவரின் நிறம் கணவர் சொன்னது. கடையில் அக்கா தன் ஆசைக்கென்று வைத்தது அந்த மூன்று ஜாடிகளை மட்டும்தான். ஷாம்புக்காரர் வரும் நாளில் மூன்றும் பச்சையாக இருந்தால் அலமாரி தனக்கு, இல்லாவிட்டால் ஷாம்புக்கு என்று நாத்தனாரிடம் பேசி முடித்தார்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர், தினமும் தலைக்குக் குளித்தும் எண்ணெய் வழிகிறதே என்று புலம்பினார். எல்லாத் தலைக்கும் ஒரே வைத்தியம் ஆகாது, உங்களுக்குத் தினமும் அலசுவதே தப்பு என்று அக்கா விளக்கிக்கொண்டே ஜாடிப் பக்கம் பாட்டிலை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் சொல்கிற புத்தி தன் அலமாரிக்கு எட்டவில்லையே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

அன்றே அழுகியதை அள்ளிக் கொட்டி, மண்ணை மாற்றி, தப்பித்த துண்டுகளை நட்டார். மூடிய ஜாடி தன் தண்ணீரைத் தானே திருப்பிக் குடிக்கும். ஆவி கண்ணாடியில் முத்தாகி மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது. அதனால் கண்ணாடி நாள் முழுக்கக் காய்ந்தே கிடந்தால் மட்டும் சில சொட்டு. கள்ளிக் கிண்ணத்துக்கு அடியில் ஓட்டை இல்லை, ஊற்றியது எங்கும் போகாது. ஆகவே வகிடு எடுக்கும் வால் சீப்பின் கூர்நுனியை மண்ணில் அடிவரை இறக்கிப் பார்ப்பார். ஈரம் ஒட்டினால் தண்ணீர் கிடையாது. உலர்ந்து வந்தால், சாயம் பூச வாங்கிய கூர்மூக்குப் புட்டிகளில் புதிதாக ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வகிட்டில் சாயம் விடுகிற பக்குவத்தோடு செடி நனையாமல் வேரடியில் விடுவார். ஸ்ப்ரே பாசிக்கு மட்டும். கை சும்மா இருக்க மறுத்த நேரங்களில் பாசிக்குத்தான் யோகம்.

ஷாம்புக்காரர் வருகிற காலையில் பெரிய ஜாடி முழுக்க மூடுபனி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "என்ன அண்ணி, உள்ள அடுப்பு பத்த வச்சிருக்கீங்களா?" என்றார் நாத்தனார். அக்கா பதறவில்லை. ஈரம் கூடிவிட்டது, மூச்சு விட்டால் சரியாகும் என்று மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வந்திருந்த வாடிக்கையாளருக்கு முடி வெட்டப் போனார்.

வெட்டி முடித்துத் துண்டை உதறும்போது ஷாம்புக்காரர் படியேறி வந்தார். ஸ்டாண்டைக் கீழே வைக்கக் குனிந்தவர், பெரிய ஜாடியைப் பார்த்தபடி நிமிரவே இல்லை. கண்ணாடி தெளிந்திருந்தது. உள்ளே சுருண்டிருந்த பெரணி இலை ஒன்று விரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கள்ளிகள் கல்லுக்கு நடுவே கெட்டியாக உட்கார்ந்திருந்தன. இது என்ன விலை என்று கேட்டார்.

அக்கா வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "விக்கிறதுக்கு இல்லைங்க. எங்க அண்ணி வளர்க்கிறது. உங்க ஸ்டாண்டை வாசல் பக்கம் வச்சிடுங்க."

அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஸ்டாண்டு வாசலுக்கு நகர்ந்ததும் நாத்தனார் பெருமை தாங்காமல் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு கள்ளிக் கிண்ணத்தை நெருங்கினார். அக்கா வால் சீப்பை நீட்டினார். நாத்தனார் அதை வாங்கி, மண்ணில் இறக்கி, எடுத்துப் பார்த்தார்.

"ஈரம் இருக்கு அண்ணி" என்று பாட்டிலைக் கீழே வைத்தார்.