கதிரைக்குக் கீழே கொஞ்சம் இடம்

சர்வதேசத் திரைப்பட விழாவின் சில படங்களைக் கிளிநொச்சியிலும் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், உருத்திரபுரத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன்.

பக்கத்துக் கதிரையில் மல்லாவியிலிருந்து வந்த ஓர் இளம்பெண் இருந்தாள்.

"நீங்களும் என்னை மாதிரிப் படப் பைத்தியமோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், வயல் வேலையை விட்டிட்டு வந்தனான்" என்றேன். சாப்பாட்டுப் பையைக் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

எந்த நாட்டுப் படம் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. திரையில் ஒரு தாய் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று மண்டபம் அதிர விமான இரைச்சல் கேட்டது. சண்டைக் காலத்தில் பழகிய உடம்பு என்னைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பிடரியை அமத்தியபடி நிலத்தில் குப்புற விழுந்துவிட்டேன். கீழே பைக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டி இடித்து நெற்றியில் இரத்தம் வந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. எழும்பப் போனேன். அவள் என் கையை விடவில்லை.

"எழும்பாதேங்கோ அக்கா. அது சுத்திக்கொண்டு திரும்பவும் வரும்."

படத்திலும் அது திரும்ப வந்தது. இரைச்சல் அடங்கும்வரை இருவரும் அப்படியே கிடந்தோம்.

"இப்ப எழும்புவம்" என்றாள்.

கதிரையில் ஏறி இருந்து, மிச்சப் படத்தையும் பார்த்தோம்.

இப்போதும் விழாக்களுக்குப் போகிறேன். என்ன படம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறேன். சிரிக்க வைக்கும் பகிடிப் படமென்றாலும் பையை மடியில்தான் வைத்திருப்பேன். கதிரைக்குக் கீழே இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும்.