பொன்னுமணி மேடம் கூட்டிய கூட்டம்

இளம்பிள்ளைவாதம் வந்த இடது காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு, சிலமலையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் போடியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினாள் பொன்னுமணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவள் சேர்ந்தபோது வகுப்பு மாடியில் இருந்தது.

"ஏற முடியலேன்னா நூலகத்துக்கு மாறிக்கம்மா" என்றார் முதல்வர் கன்னையன்.

"பாடம் நடத்தத்தான் சார் வந்தேன்" என்றவள், மாடிப்படிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாடம் கேட்கப் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வழி அடைபட்டது. வேறு வழியில்லாமல் கீழே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

எண்பத்திரண்டில் செல்லத்தாய் மாணவியாக வந்து சேர்ந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக் குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதல்வர் பொன்னுமணியைக் கூப்பிட்டார்.

"வாத்தியாருகளுக்குச் செரமமா இருக்காம். அந்தப் பிள்ளைய மதுரப் பக்கம் அனுப்பிருவோம்."

"செரமம்னா பழகிக்கணும் சார். சனிக்கெழம எல்லாரையும் உக்கார வைங்க. நான் சொல்லித் தர்றேன்."

"நீங்க யாரும்மா எங்களுக்குப் பாடம் எடுக்க?"

"நாலு வருசமா இந்தக் கட்டடத்துல நொண்டி நடக்குறவ. வேற யாரு எடுப்பா?"

சனிக்கிழமை வேண்டா வெறுப்பாக வந்தார்கள். பொருளாதாரம் நடத்தும் திருப்பதி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தார்.

"அதுல ஒங்க பயந்தான் ஒங்களுக்குத் தெரியும்" என்று தடுத்தாள் பொன்னுமணி. "அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டயே கேளுங்க."

செல்லத்தாய் எழுந்தாள்.

"பேசுறப்ப பேரச் சொல்லிட்டுப் பேசுங்க. கையப் புடிச்சு இழுக்காதீங்க, ஒங்க முழங்கைய நான் புடிச்சுக்கிறேன். போர்டுல எழுதுறத வாய்விட்டுச் சொல்லுங்க."

"வரைபடத்த எப்பிடிம்மா வாயால சொல்றது?" என்றார் திருப்பதி.

"கோடு எங்கன தொடங்குது, ஏறுதா எறங்குதான்னு சொன்னாப் போதும் சார். வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்டுலதான் நான் வளந்தேன்."

திருப்பதி போர்டுக்குப் போய் வரைந்துகொண்டே சொல்லிப் பார்த்தார். பாதியில் குழம்பி அழித்தார். மறுபடி வரைந்தார். அவர் திணறுவதைப் பார்த்து முதல்வர் எழுந்து போனார். பொன்னுமணி நிறுத்தவில்லை.

மறுவருடம் கூட்டத்துக்கு அறை தரமாட்டேன் என்றார் முதல்வர். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நடத்தினாள். வந்தவர்கள் குறைவு. அவர்களுக்கு முன்பே வந்து பெஞ்சு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார் திருப்பதி. எண்பத்தைந்தில் செல்லத்தாய் பி.ஏ. தேறினாள், பொருளாதாரத்தில்.